மூன்று நகக் கரடி

அத்தியாயம் 9

லவோனா செப்டெம்பர் ரொட்டியைத் தேனில் தோய்த்துக் கடித்தாள். மென்றாள். பாதியில் மெல்வதை நிறுத்திவிட்டாள்.

அந்த முகம் எனக்குப் பழக்கம். போலீஸில் சார்ஜன்டாக இருந்தவள். மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக வெளியே வந்து, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். நான் ஹென்னி குபிடோ. தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். காதல் தேவனின் பெயரை வைத்துக்கொண்டு இரண்டு முறை விவாகரத்தானவன் என்று என்னைச் சொல்வாள். செப்டெம்பர் என்று ஒரு மாதத்தின் பெயரை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதமும் வேலை வாங்குகிறவள் என்று நான் சொல்வேன்.

"அல்வீனா, இது எந்தப் பெட்டித் தேன்?" என்று கேட்டாள் லவோனா.

அடுப்படியில் நின்ற அல்வீனா திரும்பினாள். தம்பிக்காகக் கட்டிய கறுப்புத் துணி இன்னும் அவள் தலையில் இருந்தது.

"அந்த உடைஞ்ச பெட்டிதான் அக்கா. கரடி உடைச்சுதுன்னு அவர் மலையிலேர்ந்து தூக்கிட்டு வந்தாரே, அது. வீணாப் போவுதேன்னு பிழிஞ்சு வெச்சேன்."

"எவ்வளவு வந்துச்சு?"

"ரெண்டு பெரிய ஜாடி நெறைய."

லவோனா என்னைப் பார்த்தாள். எங்கள் மலையில் கரடி என்றால், தேன்கூட்டைக் கிழித்துத் தின்னும் சின்ன நாய் அளவுப் பிராணி. "குபிடோ, தேன்வளைக்கரடி ஒரு தேன்பெட்டிய எதுக்கு உடைக்கும்?"

"உள்ள என்ன ரேடியோவா இருக்கு? தேன் திங்கத்தான்."

"அப்போ அது திங்க வேண்டியத நாம ஏன் தின்னுக்கிட்டு இருக்கோம்?"

நான் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

வழக்கு இதுதான். போன மார்ச்சில், பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்குக் கோடை முடியும் நேரத்தில், பாபியான்பெர்க் மலை எரிந்தது. தீயணைக்கப் போன குழுவில் அல்வீனாவின் தம்பி பிரெண்டன் இருந்தான். புகையில் வழி தெரியாமல் பாறை விளிம்பிலிருந்து விழுந்து செத்துப்போனான். மலையின் தெற்குப் பக்கத்தில், பாறைத் தட்டு ஒன்றில் மட்டும் வளர்ந்த குரங்குமணிச் செடிகளும் கருகின. ஊசி ஊசியான இலை, சிவப்புச் சிவப்பாய் மணி போன்ற பூ. உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி. அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று அரசாங்கம் பட்டியல் போட்டிருந்தது. தீ தொடங்கியது அந்தத் தட்டில்தான்.

போலீஸ் பிடித்தது அல்வீனாவின் கணவன் கெர்ஷ்வின் ஃபோர்ட்டூனை. அந்தத் தட்டின் ஓரத்தில்தான் அவன் தேன்பெட்டிகளை வைத்திருந்தான். தேனீக்களுக்குப் புகை போடும் அவனுடைய தகர டப்பா, தீ தொடங்கிய இடத்திலேயே கிடைத்தது. அதைவிட மோசம், தீ பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பெட்டிகள் அத்தனையையும் கீழே இறக்கியிருந்தான். கரடி ஒரு பெட்டியை உடைத்துவிட்டது, மிச்சத்தைக் காப்பாற்ற மூடுபனியில் அவசரமாக இறக்கினேன், டப்பாவை மறந்துவிட்டேன் என்று அவன் சொன்னதைக் கேட்டு ஸ்டேஷனே சிரித்தது. ஜாமீனும் கிடைக்கவில்லை. வெளியே விட்டால் எங்கள் பெராக்கா ஊர்க்காரர்களே அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்றார் நீதிபதி. அதில் தப்பேதும் இல்லை. பிரெண்டன் ஊருக்கே செல்லப்பிள்ளை.

"அந்தப் பெட்டி இருக்கா?" என்றாள் லவோனா.

பின்கட்டுக் கொட்டகையில் இருந்தது. அல்வீனா மேலே கிடந்த சாக்குகளையும் மாவு மூட்டையையும் எண்ணெய் டின்னையும் நகர்த்தினாள்.

"வசதியாத்தான் இருக்கே கொட்டகை" என்றேன்.

"டாக்டரம்மா அனுப்பறது மாமா. செடி ஆராய்ச்சி பண்றாங்களே, மரீட்டா ஃபூரி. தம்பி செத்ததுலேர்ந்து மாசாமாசம் அனுப்பறாங்க. நல்ல மனுஷி."

லவோனா பெட்டியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டாள். மூடி பிளந்திருந்தது. பக்கப் பலகையில் ஆழமான கீறல்கள். மூன்று மூன்றாக, கோடு போட்ட மாதிரி.

"கரடிக்கு ஒரு கால்ல எத்தனை நகம்?"

"அஞ்சு."

"இங்க மூணுதான் இருக்கு."

"மிச்சம் ரெண்டையும் அடகுல வெச்சிருக்கும் மேடம். விலைவாசி அப்படி."

அவள் சிரிக்கவில்லை. நாலு இடத்தில் கீறல்களை விரலால் அளந்தாள். நாலிலும் இடைவெளி ஒன்றே.

"இது கரடி இல்ல, கருவி. யாரோ ஒருத்தர் கெர்ஷ்வின் பயந்து பெட்டிகள எறக்கணும்னே இத உடைச்சிருக்காங்க. தேன் வேணாம் அவங்களுக்கு. தேனீ சாகக்கூடாது, அவ்வளவுதான்."

அல்வீனா கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்போ அவர் சொன்னது நெசமா அக்கா?"

"கரடி வந்ததா அவர் நம்பினது நெசம்."

அவள் அழவில்லை. இடுப்பில் கட்டிய சமையல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் எதுவும் இல்லாத கையை.

*

மலைக்கு வடக்கே கல்குவாரி. அதன் முதலாளி வில்லெம் ஹாத்திங். பாபியான்பெர்க்கின் வெள்ளைக் கல்லுக்காகப் பல வருஷமாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பவர். குரங்குமணி மேலே இருக்கும்வரை மலையில் ஒரு கடப்பாரை இறக்கக்கூடாது என்று சட்டம். செடி செத்தால் யாருக்கு லாபம் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் அவரைத்தான் கை காட்டும்.

"வாங்க சார்ஜன்ட், முன்னாள் சார்ஜன்ட்" என்றார். "நான்தான் கொளுத்தினேன்னு சொல்ல வந்தீங்களா?"

"கொளுத்தினீங்களா?"

"எதுக்கு? சாகக் கெடக்கற கிழவன யாராவது கத்தியால குத்துவாங்களா? பக்கத்துல நாற்காலிய போட்டு உக்காந்தா போதுமே."

"புரியல" என்றேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அந்தச் செடிக்கு வயசாயிடுச்சுய்யா. வருஷா வருஷம் நாலு அஞ்சு காஞ்சுபோவுது. புதுசா ஒண்ணு மொளைக்கறதில்ல. நானா சொல்லல, டாக்டர் ஃபூரி கூட்டத்துல எழுந்து நின்னு அழுதாங்க. இன்னும் கொஞ்ச வருஷம், அதுவாவே அழிஞ்சிருக்கும், நான் சட்டப்படி மலைய வாங்கியிருப்பேன். இப்போ பாருங்க. தீ வெச்சது யாரு, எவருன்னு விசாரணை. என் மனு தூங்குது. எனக்கு இந்தத் தீயால நஷ்டம்."

லவோனா சற்று யோசித்தாள். "புதுசா ஏன் மொளைக்கல?"

"அதெல்லாம் எனக்கெதுக்கு? நாப்பது வருஷமா அங்க தீயே படலையாம். அதுக்கென்ன இப்போ?"

வெளியே வந்து வண்டியில் ஏறினோம். நான் சாவியைத் திருகவில்லை. லவோனாவும் எடுக்கச் சொல்லவில்லை.

என் வேலைக்காலம் முழுக்க இந்த மலைகளில் தீயை அணைத்திருக்கிறேன். அணைத்த இடத்துக்கு அடுத்த வசந்தத்தில் போனால் பச்சைப் பசேல் என்று முளைத்து நிற்கும். எங்கள் மலைச் செடிகளில் பாதிக்குத் தீதான் மருத்துவச்சி. புகை பட்டால்தான் விதை கண் திறக்கும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் அந்தப் பக்கம் புத்தி போகவில்லை. ஒரு பிணம் விழுந்திருந்தது அல்லவா, அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கொல்றதுக்கு வெச்ச தீ இல்ல மேடம்" என்றேன்.

"இல்ல. பிரசவத்துக்கு வெச்சது. மார்ச் மாசம், கோடை கடைசி, அடுத்தாப்ல மழை. நீங்களா இருந்தா எப்ப வெப்பீங்க?"

"அப்பத்தான் வெப்பேன்."

"செடி பூத்தா அடுத்து என்ன வேணும்?"

"தேனீ."

"வண்டிய எடுங்க குபிடோ."

*

மேலே போகப் போக எனக்கு மூச்சு வாங்கியது. "துப்பறியறவங்க எல்லாம் ஏன் சமதரையில குற்றம் நடக்கற ஊரா பாத்துப் பொழைக்கக் கூடாது" என்று கேட்டேன். லவோனா தண்ணீர்ப் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு ஏறிக்கொண்டே இருந்தாள்.

பாறைத் தட்டில் டாக்டர் மரீட்டா ஃபூரி முழங்காலிட்டு இருந்தார். ஓலைத்தொப்பி, முழங்காலில் ரப்பர் பட்டை. கறுப்பு மண்ணைச் சதுரம் சதுரமாக நூல் கட்டிப் பிரித்திருந்தார். மூக்கு தரையைத் தொடும்படி குனிந்து, ஒரு சதுரத்தைப் பார்த்து முடித்து அடுத்ததற்குத் தவழ்ந்தார். பக்கத்தில் மண்ணைக் கிளறும் சின்னக் கைக்கொத்து. மூன்று பல்.

லவோனா அதை எடுத்துத் தன் விரல்களை அதன் பற்களுக்கு நடுவே வைத்து அளந்தாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கொத்தைப் பார்த்தார். ஓடவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. ரொம்ப நாளாக வர வேண்டிய பஸ் வந்ததைப் பார்ப்பவர் மாதிரி இருந்தது முகம்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னிக்குக் காலையில. ரொட்டி சாப்பிடும்போது" என்றாள் லவோனா. "தேன எடுக்காம விட்டுட்டீங்க டாக்டர்."

"தேனுக்கு ஆசைப்பட்டா அங்க போனேன்?" அவர் தொப்பியைக் கழற்றினார். தலைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது. "வருஷா வருஷம் மனு போட்டேன். ஒரு தடவை எரிக்க விடுங்க, கூட ஆள் வெச்சு, தண்ணி வெச்சு, பத்திரமா எரிப்போம்னு. கீழ வீடு இருக்கு, பைன் தோப்பு இருக்கு, குவாரி இருக்குன்னு தட்டிக் கழிச்சாங்க. நான் இங்க வந்து எண்ணுவேன். போன தடவைய விடக் கம்மியா இருக்கும். அழிவின் விளிம்புல இருக்குன்னு எழுதுவேன். மறு வருஷமும் அதையே எழுதுவேன். விளிம்புன்னு எழுதறவ கையக் கட்டிக்கிட்டு அந்த விளிம்புலயே நிக்கணுமா சொல்லுங்க?"

"பிரெண்டன்?" என்று கேட்டாள் லவோனா.

அவர் குரல் இறங்கிவிட்டது. "காத்து கடல் பக்கமிருந்து வீசும், தீ உச்சிப் பாறைக்குப் போய் தானா அவிஞ்சுடும்னு கணக்குப் போட்டேன். மதியம் காத்து திரும்பிடுச்சு. ஆள் மேல வருவாங்கன்னு நான் நெனைக்கல. கெர்ஷ்வினோட டப்பா அங்க கெடந்ததையும் நான் பாக்கல."

எனக்கு என்றைக்கும் வராத கோபம் வந்தது. "தீ பிடிச்சா ஆள் வர மாட்டாங்களா டாக்டர்? நாங்க பின்ன எதுக்கு இருந்தோம்? தீ எதுக்குப் பிடிச்சுதுன்னு கேட்டுட்டா வண்டி ஏறுவோம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் தள்ளிப் போய் நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். பாறை இடுக்குகளில், கறுப்பு மண்ணில், சின்னச் சின்னப் பச்சை. கிட்டப் போனேன். ஊசி ஊசியான இலை. ஒன்றிரண்டு இல்லை, தட்டு முழுக்க.

"மேடம், இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். "மொளைச்சிருக்கு. எல்லாம் மொளைச்சிருக்கு." வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் அந்தப் பொம்பளையை நான் மன்னித்துவிட்டேன்.

டாக்டர் எழுந்து வந்தார். குனிந்து ஒரு நாற்றை வேரோடு பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு விரலால் நசுக்கி முகரச் சொன்னார். வீட்டுத் தரை துடைக்கிற திரவத்தின் வாசனை.

"பைன்" என்றார். "கீழ தோப்புலேர்ந்து காத்துல வந்த விதை. தீ அதுக்கும் நல்லதுதான் பண்ணும். மழை முழுக்கத் தேடிட்டேன். இதத் தவிர இங்க எதுவும் வரல."

"இன்னும் வரலாமே."

"வர வேண்டியது இதுக்குள்ள வந்திருக்கணும். விதை மண்ணுல இருந்துச்சு, எனக்குத் தெரியும். ஆனா நாப்பது வருஷம் காத்திருக்க அதால முடியல. மண்ணுக்குள்ளயே செத்துப்போச்சு. நான் பத்து வருஷத்துக்கு முன்னாடி பத்த வெச்சிருக்கணும். அப்போ சட்டத்த மதிச்சேன்."

லவோனா கைக்கொத்தைக் கீழே வைத்தாள். "கெர்ஷ்வின் உள்ள இருக்கறது தெரிஞ்சும் எப்படி இருந்தீங்க?"

"ஒரே ஒரு நாத்து. அது வந்துட்டா அதுக்கு வேலி போட்டுட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போயிடணும்னு இருந்தேன். மழை முடியட்டும்னு பாத்தேன். அப்புறம் வெயில் வரட்டும்னு பாத்தேன்."

"தேனீய காப்பாத்தப் போய் தேனீக்காரன உள்ள தள்ளிட்டீங்க. அவன் பொண்டாட்டிக்கு மாவு அனுப்பிட்டா சரியாப்போச்சா?"

டாக்டர் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். குரலில் கெஞ்சல் இல்லை. விஷயத்தை விளக்குகிற ஆசிரியை மாதிரிதான் பேசினார்.

"நான் வர்றேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க. இன்னும் சில மழைக்காலம் தேடினப்புறம்தான் அழிஞ்சுபோச்சுன்னு எழுத முடியும். அதுவரைக்கும் மலைக்குக் காவல் உண்டு. தேடறதுக்கும் எழுதறதுக்கும் இந்தச் செடிக்கு இருக்கறது நான் ஒருத்திதான். தீ வெச்சவ எழுதினத யாரு நம்புவாங்க? இப்ப எழுதறது மட்டுமில்ல, இத்தனை வருஷமா எழுதினதும் பொய்யின்னு ஹாத்திங்கோட வக்கீல் சொல்லுவான். இப்படி ஒரு செடியே இருந்ததில்லன்னு கூடச் சொல்லுவான். என்ன நீங்க கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போற அன்னிக்கு இந்த மலையும் போயிடும். உலகத்துல இது ஒண்ணே ஒண்ணுதான், செப்டெம்பர்."

லவோனா மலையைப் பார்த்தாள். கீழே தெரிந்த ஊரைப் பார்த்தாள். அவள் உடனே பதில் சொல்லியிருந்தால் அவளைப் பற்றி நான் குறைவாகத்தான் நினைத்திருப்பேன்.

"கெர்ஷ்வினும் ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர்" என்றாள். "அவனும் வேற எங்கயும் கிடையாது."

டாக்டர் தலையை ஆட்டினார். பிறகு, மிச்சம் இருந்த சதுரங்களைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். லவோனா கைக்கடிகாரத்தைக் கூடப் பார்க்கவில்லை. முழங்காலிட்டுவிட்டாள். எனக்கு முட்டிவலி. நானும் இறங்கினேன். மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் தவழ்ந்து, நூலுக்கு நூல், சாம்பல் மண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டே போனோம். பைன். பைன். ஒரு எலிப் புழுக்கை. பைன். வெயில் பாறைக்குப் பின்னால் போகும்வரை தேடினோம்.

கிடைக்கவில்லை.

*

டாக்டர் ஃபூரி எதையும் மறைக்காமல் வாக்குமூலம் கொடுத்தார். ஹாத்திங் லவோனாவுக்கு போன் பண்ணி நன்றி சொன்னார். அவருடைய வக்கீல்கள் இத்தனை வருஷத்தில் முடிக்காததை அவள் ஒரு பகலில் முடித்துக் கொடுத்துவிட்டாளாம். லவோனா அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாள்.

கெர்ஷ்வினை விடுவதற்குச் சில வாரம் பிடித்தது. ஜெயில் வாசலில் போய் நின்றோம். அல்வீனா எதிர்ப்பக்கம் என் பிக்கப் வண்டியை ஒட்டி நின்றாள், துணியில் சுற்றிய ரொட்டியோடு. அவன் உள்ளே இருந்த காலம் முழுவதும் அவள் ஒரு தடவை கூட அங்கே வந்து பார்த்ததில்லை.

அவன் வெளியே வந்தான். பாதியாக இளைத்திருந்தான். லவோனா நடந்ததைச் சொன்னாள். கடைசிவரை கேட்டான்.

"டாக்டரம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெட்டிய நானே எறக்கியிருப்பேனே" என்றான். கொஞ்சம் கழித்து, "பிரெண்டன அன்னிக்கு வேலைக்குப் போகாதேன்னும் சொல்லியிருப்பேன்" என்றான்.

சாலையைக் கடக்கப் போனவன் நின்றான்.

"அக்கா, உங்கள வேலைக்கு வெச்சது அல்வீனாதானே?"

"ஆமா."

"எதுக்கு? என்ன வெளிய எடுக்கவா, இல்ல நான்தானா செஞ்சேன்னு தெரிஞ்சுக்கவா?"

உண்மை பேசி வேலையை இழந்தவள் லவோனா. பொய் சொல்லத் தெரியாது. அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"ரெண்டுக்கும்தான்" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டுச் சாலையைக் கடந்தான். அல்வீனா ரொட்டியை நீட்டினாள். வாங்கிக்கொண்டான். முன்பக்கம் இடம் இருந்தது. அவன் பின்பக்கம் ஏறித் திறந்த தட்டில் உட்கார்ந்தான். அவள் கொஞ்ச நேரம் கீழேயே நின்றாள். பிறகு அவளும் பின்னால் ஏறி, அவனுக்கு எதிர்ப்பக்கமாக, அவனைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

பெராக்காவுக்குத் திரும்பும் மண்சாலையில் ஹாத்திங்கின் லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் போனது. பாறையில் துளை போடும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடித்துப் பார்த்தேன். வழி விட இடமில்லை. பின்னால் இருந்த இருவர் மேலும் தூசி அப்பியது. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தை மூடிக்கொள்ளக்கூட இருவரும் கையைத் தூக்கவில்லை. லாரியின் தூசியைத் தின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.